வாசகர் கேள்வி, ஜாவா பதில்: கிளாஸுக்காகக் காத்திருக்கும் கிளாஸ்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "ஸ்டேடிக் பிளாக்கில் கனமான வேலையை வைக்காதீர்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (ஒரு கிளாஸை முதன்முதலில் பயன்படுத்தும்போது ஒரே ஒருமுறை ஓடும் கோடுதான் ஸ்டேடிக் பிளாக்.) காரணம் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் முழுக்க. சிலர் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். சிலர் கேள்வியே கேட்காமல் எரர் லாக்கை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சின்ன ஏற்பாடு: பதிவேட்டுக்கும் பூட்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'லாக்' வந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பக்கங்களில் லாக் என்றால் பதிவேடு மட்டும். மற்றது பூட்டு.

சார், எங்கள் ப்ராஜெக்டில் மாணவர் என்ற கிளாஸுக்குள் துறை என்ற கிளாஸ் ஒரு ஃபீல்டாக இருக்கிறது. துறைக்குள் மாணவர்களின் லிஸ்ட் இருக்கிறது. "ஒன்றை லோடு செய்ய மற்றது வேண்டும், அதை லோடு செய்ய மறுபடி முதலாவது வேண்டும். அப்படியானால் ஜேவிஎம் சுற்றிக்கொண்டே இருக்காதா?" என்று வைவாவில் கேட்டார்கள். பதில் தெரியாமல் நின்றேன். ஆனால் ப்ரோகிராம் நன்றாக ஓடுகிறதே?
— இறுதியாண்டு மாணவர், நாகர்கோவில்

சுற்றாது தம்பி. மாணவர் கிளாஸை லோடு செய்யும்போது ஜேவிஎம்முக்கு, அதாவது ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் மென்பொருளுக்கு, 'துறை' என்பது வெறும் பெயர். கிளாஸ் ஃபைலுக்குள் ஒரு எழுத்துக்கோவையாக அது கிடக்கும். அந்தப் பெயருக்குரிய கிளாஸ் உண்மையில் தேவைப்படும் நேரத்தில்தான் ஜேவிஎம் அதைத் தேடிப் போகும். (பைட்கோடைச் சரிபார்க்கும் கட்டத்தில் சில சமயம் கொஞ்சம் முன்னதாகவே எடுக்கும். அது வைவாவுக்கு வேண்டாம்.)

லோடு செய்யும்போதே கையில் இருந்தாக வேண்டியவை தாய் கிளாஸும் இன்டர்ஃபேஸ்களும் மட்டும். அங்கே சுற்று வந்தால், அதாவது ஒரு கிளாஸ் தனக்குத் தானே தாயாகிற நிலை வந்தால், ஜேவிஎம் 'கிளாஸ் சர்குலாரிட்டி எரர்' என்று நிறுத்திவிடும். சாதாரணமாக எழுதும் கோடில் இதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், ஏனென்றால் கம்பைலரே 'சைக்ளிக் இன்ஹெரிட்டன்ஸ்' என்று முதலில் மறித்துவிடும். பழைய ஜார் ஃபைலில் (கிளாஸ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) அ என்ற கிளாஸ் ஆ-வின் குழந்தை, புதிய ஜாரில் ஆ என்பது அ-வின் குழந்தை என்று யாரோ மாற்றி எழுதி, இரண்டு ஜாரிலும் பாதிப் பாதி சர்வரில் போய் உட்கார்ந்தால் வரும். அப்போது கோடைப் படித்துக்கொண்டிருக்காமல் லிப் ஃபோல்டரைத் துடைத்துவிட்டு முழுதாக பில்டு போடுங்கள்.

வைவாவில் அடுத்த முறை கேட்டால் லோடு செய்வது வேறு, இனிஷியலைஸ் செய்வது வேறு என்பதிலிருந்து தொடங்குங்கள். முதலாவது கிளாஸ் ஃபைலைப் படித்து உள்ளே கொண்டுவருவது, இரண்டாவது அதன் ஸ்டேடிக் பிளாக்கை ஓட்டித் தயார்செய்வது. தொல்லை எல்லாம் இரண்டாவதில்தான்.

எங்களுடையது பின்னலாடை நிறுவனங்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். ஜாவா 8. காலையில் சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் சில நாள் அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. எரர் இல்லை, சிபியு பூஜ்யம், மெமரி தாராளமாக இருக்கிறது. நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது. அதிக கோர் உள்ள புது சர்வர் வாங்கிய பிறகு இது குறையவில்லை, கூடியிருக்கிறது. ஜேஸ்டேக் எடுத்தேன், அது டெட்லாக் எதையும் சொல்லவில்லை. த்ரெட் எல்லாம் 'ரன்னபிள்' என்றுதான் இருக்கிறது. டம்பை இணைத்திருக்கிறேன்.
— சாஃப்ட்வேர் பொறுப்பாளர், திருப்பூர்

இந்த மாதத்தின் சிறந்த கடிதம் இதுதான். டம்பை டெக்ஸ்டாக அனுப்பியதற்காகவே தனி நன்றி. (த்ரெட் என்பது ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையோட்டம். ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று ஜேஸ்டேக் என்ற கருவி எடுத்துத் தரும் பட்டியல்தான் டம்ப். த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிடுவது டெட்லாக்.) அச்செடுத்து, இரண்டு நிறப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஸ்கிரீனில் த்ரெட் டம்ப் படிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

நீங்கள் அனுப்பியதில் இரண்டு த்ரெட்டை மட்டும் பாருங்கள். ஒன்று 'மெயின்'. இன்னொன்று உங்கள் ரிப்போர்ட் ஷெட்யூலரின் த்ரெட். இரண்டுக்கும் தலைப்பு வரியில் 'இன் ஆப்ஜெக்ட் டாட் வெயிட்' என்று இருக்கிறது. அடுத்த வரியிலேயே நிலை 'ரன்னபிள்' என்று இருக்கிறது. காத்திருக்கிறவர் எப்படி ஓடிக்கொண்டிருக்க முடியும்? இந்த முரண்பாட்டைக் கண்டால், கீழே இறங்கி 'கிளினிட்' என்ற சொல்லைத் தேடுங்கள். கோண அடைப்புக்குள் இருக்கும். ஸ்டேடிக் பிளாக்குகளையும் ஸ்டேடிக் ஃபீல்டுகளின் தொடக்க மதிப்புகளையும் கம்பைலர் ஒன்றாகச் சேர்த்துச் செய்கிற மெத்தடுக்கு அதுதான் பெயர். உங்கள் இரண்டு த்ரெட்டிலும் அது இருக்கிறது.

ஒரு கிளாஸை முதன்முறை பயன்படுத்தும்போது அதன் கிளினிட்டை ஒரே ஒரு த்ரெட்தான் ஓட்ட வேண்டும், மற்றவை அது முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது ஜாவாவின் விதி. இதற்காக ஒவ்வொரு கிளாஸுக்கும் ஜேவிஎம் ஒரு பூட்டு வைத்திருக்கிறது. நீங்கள் சிங்க்ரொனைஸ்டு என்று எழுதி வாங்கும் பூட்டு அல்ல இது, ஜேவிஎம்மின் உள்வீட்டுச் சமாசாரம். ஜேஸ்டேக்கின் டெட்லாக் கண்டுபிடிப்பான் சிங்க்ரொனைஸ்டு பூட்டுகளையும் கன்கரன்ட் பேக்கேஜின் பூட்டுகளையும்தான் ஆராயும். இது அதன் கண்ணில் படாது. அதனால்தான் "டெட்லாக் இல்லை" என்று உங்களை நம்பவைத்தது. புதிய ஜேடிகேக்களில் 'வெயிட்டிங் ஆன் த கிளாஸ் இனிஷியலைசேஷன் மானிட்டர் ஃபார்' என்று கிளாஸ் பெயரோடு ஒரு வரி வருகிறது. ஜாவா 8-இல் நாமேதான் கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மெயின் த்ரெட்டில் நீங்கள் 'கிளாஸ் டாட் ஃபார்நேம்' கொடுத்து டேட்டாபேஸ் டிரைவரை லோடு செய்கிறீர்கள், அது கையோடு இனிஷியலைஸும் செய்யத் தொடங்கும். டிரைவர் கிளாஸின் பூட்டு மெயினிடம் வந்துவிட்டது. ஜேடிபிசி டிரைவர் (ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் கிளாஸ்) தன் ஸ்டேடிக் பிளாக்கில் ஒரு காரியம் செய்யும்: டிரைவர்களின் பட்டியலை வைத்திருக்கும் டிரைவர்மேனேஜரிடம் போய்த் தன்னைப் பதிவுசெய்துகொள்ளும். அதற்கு டிரைவர்மேனேஜர் கிளாஸ் தயாராக இருக்க வேண்டும்.

அதே நொடியில் ஷெட்யூலர் த்ரெட் ஃபார்நேம் எதுவும் இல்லாமல் நேராக டிரைவர்மேனேஜரிடம் கனெக்ஷன் கேட்டுவிட்டது. டிரைவர்மேனேஜரின் பூட்டு இப்போது அதனிடம். ஜாவா 8-இல் டிரைவர்மேனேஜரின் ஸ்டேடிக் பிளாக் என்ன செய்கிறது தெரியுமா? 'லோட் இனிஷியல் டிரைவர்ஸ்' என்ற மெத்தடைக் கூப்பிட்டு, சர்வீஸ்லோடர் மூலம் கிளாஸ்பாத்தில் உள்ள எல்லா டிரைவரையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஆப்ஜெக்ட் உருவாக்குகிறது. அதற்கு டிரைவர் கிளாஸ் தயாராக இருக்க வேண்டும். அதன் பூட்டோ மெயினிடம்.

இலை போட்டால்தான் உட்காருவேன் என்று ஒருவர் நிற்க, ஆள் உட்கார்ந்தால்தான் இலை போடுவேன் என்று பரிமாறுகிறவர் நிற்கிற பந்திதான் இது. இருவரும் மரியாதைப்பட்டவர்கள், இருவர் சொல்வதும் நியாயம், சாப்பாடு மட்டும் நடக்காது.

புது சர்வரில் ஏன் கூடியது என்பதும் இப்போது புரியும். கோர் குறைவாக இருந்தபோது, பெரும்பாலான நாள் மெயின் தன் வேலையை முடித்த பிறகே ஷெட்யூலருக்கு முறை வந்தது. இப்போது இரண்டும் உண்மையிலேயே ஒரே சமயத்தில் ஓடுகின்றன. "ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது" என்பதற்கும் இதுவே காரணம், அடுத்த முறை நேரம் இடிக்கவில்லை.

சரி, மருந்து. ஜாவா 9-இல் இதைத் திருத்திவிட்டார்கள். டிரைவர்களைத் தேடும் வேலையை ஸ்டேடிக் பிளாக்கிலிருந்து எடுத்து, 'என்ஷூர் டிரைவர்ஸ் இனிஷியலைஸ்டு' என்று தனி மெத்தடாக்கி, யாராவது கனெக்ஷனோ டிரைவர் பட்டியலோ கேட்கும்போது மட்டும் ஓடுமாறு வைத்துவிட்டார்கள். ஆகவே 17 அல்லது 21-க்குப் போவது நிரந்தர வழி. அது இன்றைக்கே முடிகிற காரியம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதுவரை மெயின் மெத்தடின் முதல் வரியிலேயே, வேறெந்த த்ரெட்டும் பிறப்பதற்கு முன், டிரைவர்மேனேஜரின் 'கெட் டிரைவர்ஸ்' மெத்தடை ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள். திரும்பி வருகிற மதிப்பு உங்களுக்கு வேண்டாம், கூப்பிடுவதுதான் வேண்டும். ஒரே த்ரெட் இரண்டு பூட்டையும் வரிசையாக வாங்கி விட்டுவிடும், சண்டைக்கு ஆளில்லை. ஏதோ குறுக்குவழி என்று கூச்சப்பட வேண்டாம். டாம்கேட் சர்வரில் மெமரி லீக் தடுப்புக்காக வைத்திருக்கும் லிசனரும் ஸ்டார்ட் ஆகும்போது இதே மெத்தடைக் கூப்பிடுகிறது.

உங்கள் கோடில் உள்ள ஃபார்நேம் வரிகளை எடுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஜேடிபிசி 4.0 முதல், அதாவது 2006-இல் வந்த ஜாவா 6 முதல், தனி ப்ரோகிராமுக்கு அது தேவையே இல்லை. உங்களுடையது தனியாக ஓடும் சர்வீஸ், எடுத்துவிடுங்கள். ஆனால் டாம்கேட்டில், வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் டிரைவரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அழித்துவிட வேண்டாம். அங்கே டிரைவர் தேடல் சர்வர் ஸ்டார்ட் ஆகும்போதே முடிந்துபோகும், உங்கள் அப்ளிகேஷனுக்குள் இருக்கும் டிரைவர் அதில் அகப்படாது.

இன்னொன்று, டம்ப் எடுக்கும்போது சில நொடி இடைவெளி விட்டு இரண்டு மூன்று எடுங்கள். ஒரே த்ரெட் ஒரே வரியில் எல்லாவற்றிலும் நின்றால்தான் உறைந்துவிட்டது என்று சொல்ல முடியும். ஒரே டம்பில் கிளினிட்டைப் பார்த்தால் அது வெறுமனே மெதுவாக ஓடுகிற ஸ்டேடிக் பிளாக்காகவும் இருக்கலாம்.

'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்' வருகிறது. ஜார் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டேன், கிளாஸ் உள்ளேயே இருக்கிறது. மேவனில் வெர்ஷன் மாற்றி மாற்றிப் போட்டும் போகவில்லை.
— டெவலப்பர், ஈரோடு

எரர் வரியை முழுதாகப் படித்தீர்களா? 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று இருந்தால் கிளாஸ் கிடைத்துவிட்டது, அதன் ஸ்டேடிக் பிளாக் முன்பே ஒருமுறை விழுந்துவிட்டது என்று பொருள். ஒரு கிளாஸின் கிளினிட் தோற்றால் ஜேவிஎம் அதைக் கெட்டுப்போன கிளாஸ் என்று குறித்துவைத்துவிடும். அந்த கிளாஸை லோடு செய்த கிளாஸ்லோடர் இருக்கும்வரை மறுபடி முயற்சிக்காது. முதல்முறை 'எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்' வரும், அதில்தான் உண்மைக் காரணம் இருக்கும். இரண்டாம் முறை முதல் நீங்கள் பார்க்கிற இந்த எரர்தான்.

லாக்கில் மேலே போங்கள். அந்த கிளாஸ் பெயர் முதன்முதலில் வருகிற இடத்தைத் தேடுங்கள். பல சமயம் அது ஒரு கேட்ச் பிளாக்கில் சத்தமில்லாமல் விழுங்கப்பட்டிருக்கும், அல்லது பழைய லாக் ஃபைலோடு ரொட்டேட் ஆகிப் போயிருக்கும். ஜாவா 17 முதல் இரண்டாவது எரரிலேயே முதல் காரணத்தையும் ஒட்டிக் கொடுக்கிறார்கள். பில்டு டூலான மேவனை விட்டுவிடுங்கள், அதன் மேல் பழியில்லை.

எங்கள் ஒரு யூனிட் டெஸ்ட்டைத் தனியாக ஓட்டினால் நல் பாயின்டர் வந்து விழுகிறது. எல்லா டெஸ்ட்டையும் சேர்த்து ஓட்டினால் பாஸ். சீனியர் "அப்படியானால் சேர்த்தே ஓட்டு" என்கிறார். கட்டணம் என்ற தாய் கிளாஸில் 'இயல்பு' என்று ஒரு ஸ்டேடிக் ஃபைனல் ஃபீல்டு இருக்கிறது, அதில் மாணவர்க்கட்டணம் என்ற குழந்தை கிளாஸின் ஆப்ஜெக்ட்டை வைத்திருக்கிறோம். குழந்தையில் 'விகிதங்கள்' என்ற ஸ்டேடிக் மேப் இருக்கிறது, அதன் கன்ஸ்ட்ரக்டர் அதைப் பயன்படுத்துகிறது. அந்த மேப்தான் நல், அதாவது மதிப்பே இல்லை, என்கிறது. டிக்ளேர் செய்த இடத்திலேயே மதிப்புக் கொடுத்திருக்கிறோமே!
— டெஸ்டிங் பிரிவுப் பொறியாளர், கோவை

உங்கள் சீனியர் சொன்னதைக் கேட்காதீர்கள். டெஸ்ட் சரியாகத்தான் பிடித்திருக்கிறது.

முதலில் சின்ன உதாரணம். விலை என்ற கிளாஸில் ஒரு ஸ்டேடிக் எண், அதன் மதிப்பு வரியின் எண்ணோடு ஒன்று கூட்டியது. வரி என்ற கிளாஸில் ஒரு ஸ்டேடிக் எண், அது விலையின் எண்ணோடு ஒன்று கூட்டியது. (ஜாவாவில் கிளாஸுக்கு உண்மையாகவே தமிழில் பெயர் வைக்கலாம், யூனிகோடை ஏற்கும். ஆபீஸில் செய்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.) யாராவது விலையை முதலில் தொட்டால், விலையின் கிளினிட் வரியை எழுப்பும். வரி திரும்ப விலையைக் கேட்கும். கேட்பது அதே த்ரெட் என்பதால் ஜேவிஎம் காக்கவைக்காது, "உன்னிடம்தானே இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று பாதி வெந்த கிளாஸைக் கொடுத்துவிடும். அப்போது விலையின் எண் 0. ஆகவே வரி 1, விலை 2. வரியை முதலில் தொட்டிருந்தால் தலைகீழ்: விலை 1, வரி 2. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. எரரும் கிடையாது.

உங்கள் கதையும் அதுவே. யாராவது கட்டணத்தை முதலில் தொட்டால் தாயின் கிளினிட் தொடங்கி, குழந்தையை எழுப்பி, குழந்தையின் மேப் நிரம்பி, பிறகு கன்ஸ்ட்ரக்டர் ஓடும். சுபம். எல்லா டெஸ்ட்டும் சேர்ந்து ஓடும்போது வேறு ஏதோ டெஸ்ட் கட்டணத்தை முன்பே தொட்டுவிடுகிறது. தனியாக ஓட்டும்போது உங்கள் டெஸ்ட் மாணவர்க்கட்டணத்தை நேராகத் தொடுகிறது. குழந்தையின் கிளினிட்டுக்கு முன் தாயுடையது ஓட வேண்டும். தாயோ குழந்தையின் ஆப்ஜெக்ட்டைக் கேட்கிறது. குழந்தையின் மேப் வரி இன்னும் ஓடவே இல்லை. நல்.

இதை இரண்டு த்ரெட்டில் யோசியுங்கள். ஒன்று தாயை முதலில் தொட, இன்னொன்று குழந்தையை முதலில் தொட, திருப்பூர்க்காரருக்கு வந்த அதே உறைநிலை உங்கள் புரொடக்ஷனிலும் வரும். டெஸ்ட்டில் நல் பாயின்டராக வந்தது உங்கள் நல்ல நேரம்.

தாய் கிளாஸ் தன் ஸ்டேடிக் ஃபீல்டில் குழந்தையின் ஆப்ஜெக்ட்டை வைத்திருப்பதை நான் கோட் ரிவ்யூவில் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன், வேறெதுவும் பேசமாட்டேன். கட்டணத்துக்குள் ஒரு பிரைவேட் ஸ்டேடிக் கிளாஸ் எழுதி, 'இயல்பு' ஃபீல்டை அதற்குள் தள்ளுங்கள். வெளியே ஒரு ஸ்டேடிக் மெத்தட் மூலம் கொடுங்கள். அந்த உள் கிளாஸ் மெத்தடைக் கூப்பிடும்போதுதான் விழிக்கும். தாயின் கிளினிட்டிலிருந்து குழந்தைக்குப் போகும் பாதையே இல்லாமல் போய்விடும்.

ஸ்டேடிக் ஃபைனல் எல்லாமே ஆபத்தா என்று பயப்பட வேண்டாம். வெறும் எண், வெறும் ஸ்ட்ரிங் என்று கம்பைலருக்கே மதிப்பு தெரிகிற மாறிலிகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே பதித்துவிடுவார்கள், கிளாஸ் விழிப்பதே இல்லை. 'டாட் கிளாஸ்' என்று எழுதுவதும், அந்த வகையில் அர்ரே உருவாக்குவதும் அப்படித்தான்.

ப்ளகின் வசதிக்காக நாங்களே கிளாஸ்லோடர் எழுதியிருக்கிறோம். இரண்டு ப்ளகின்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளாஸ் எடுத்துக்கொள்ளும். சில சமயம் தொங்கிவிடுகிறது. ஜேஸ்டேக் இந்த முறை 'ஃபவுண்ட் ஒன் ஜாவா லெவல் டெட்லாக்' என்று தெளிவாகச் சொல்கிறது.
— ஆர்க்கிடெக்ட், சென்னை

ஜேஸ்டேக் சொன்னால் நம்புங்கள். இது கிளினிட் பூட்டு அல்ல, கிளாஸ்லோடர் ஆப்ஜெக்ட்டின் சொந்தப் பூட்டு. முதல் லோடரின் பூட்டை வைத்துக்கொண்டு ஒரு த்ரெட் இரண்டாவதிடம் தாய் கிளாஸ் கேட்கிறது, இரண்டாவதின் பூட்டை வைத்துக்கொண்டு இன்னொன்று முதலாவதிடம் கேட்கிறது. ஜாவா 7-க்கு முன்பு, லோடர்கள் மரம்போல் மேலே மட்டும் கேட்காமல் பக்கவாட்டில் கேட்டால் இதிலிருந்து தப்புவது பெரும்பாடு. 2011-இல் ஜாவா 7 வந்தபோது, லோடர் முழுவதையும் பூட்டாமல் கிளாஸ் பெயருக்கு ஒரு பூட்டு என்று மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். உங்கள் லோடரின் ஸ்டேடிக் பிளாக்கில் 'ரெஜிஸ்டர் ஆஸ் பேரலல் கேப்பபிள்' என்று கூப்பிட வேண்டும். ஆம், ஸ்டேடிக் பிளாக்தான், இது நியாயமான இடம்.

ஆனால் பந்தயம் கட்டிச் சொல்கிறேன், உங்கள் கோடில் 'லோட் கிளாஸ்' மெத்தடையே சிங்க்ரொனைஸ்டு போட்டு மாற்றி எழுதியிருப்பீர்கள். அது இருக்கும்வரை பதிவுசெய்தும் பயனில்லை. அதை எடுத்துவிட்டு 'ஃபைண்ட் கிளாஸ்' மெத்தடை மட்டும் எழுதுங்கள். இரண்டு ப்ளகினுக்கும் பொதுவான இன்டர்ஃபேஸ்களை மேலே உள்ள தாய் லோடருக்கு நகர்த்தினால் பக்கவாட்டுக் கேள்வியே பெரும்பாலும் ஒழிந்துவிடும். ஒரே இன்டர்ஃபேஸை இரண்டு லோடரும் தனித்தனியாக லோடு செய்து, "இந்த கிளாஸை இதே கிளாஸாக மாற்ற முடியாது" என்று காஸ்ட் எரர் வருகிற கூத்தும் அதோடு நிற்கும்.

மானிட்டரிங்குக்காக ஒரு ஜாவா ஏஜென்ட் எழுதினேன். ஒவ்வொரு கிளாஸும் லோடு ஆகும்போது அதன் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதைச் சேர்த்ததும் 'கிளாஸ் சர்குலாரிட்டி எரர்' வருகிறது. எந்த கிளாஸும் தனக்குத் தானே தாயாக இல்லையே?
— ஃப்ரீலான்ஸ் டெவலப்பர், மதுரை

நாகர்கோவில் தம்பிக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. ஜேவிஎம் ஒரு கிளாஸை லோடு செய்யத் தொடங்கியதும் "இது வேலையில் இருக்கிறது" என்று ஓர் இடத்தைப் பிடித்துவைக்கும். அந்த நடுவில்தான் உங்கள் ட்ரான்ஸ்ஃபார்மரை, அதாவது லோடு ஆகும் ஒவ்வொரு கிளாஸையும் பார்ப்பதற்காக ஏஜென்ட் பதிவுசெய்த கோடை, கூப்பிடுகிறது. உங்கள் கோடு நேரத்தை அழகாக எழுத ஒரு டேட் ஃபார்மேட்டர், சேர்த்துவைக்க ஒரு கன்கரன்ட் மேப், எழுத ஒரு லாகர் என்று கேட்கும். அதில் ஏதாவது ஒன்று இன்னும் லோடு ஆகாமல் இருந்து, அதை லோடு செய்கிற வழியில் முதல் கிளாஸே மறுபடி தேவைப்பட்டால், அதே த்ரெட் அதே இடத்துக்கு வந்து நிற்கும். ஜேவிஎம்முக்கு அது சுற்று.

ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் தேவையான கிளாஸ்கள் எல்லாவற்றையும், ட்ரான்ஸ்ஃபார்மரைப் பதிவுசெய்வதற்கு முன்பே ஏஜென்ட்டின் தொடக்க மெத்தடான ப்ரீமெயினில் ஒருமுறை பயன்படுத்திச் சூடேற்றிவிடுங்கள். உங்கள் ஏஜென்ட்டின் பேக்கேஜ் பெயரில் தொடங்கும் கிளாஸ் வந்தால் முதல் வரியிலேயே நல் கொடுத்துத் திரும்பிவிடுங்கள். முடிந்தால் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் பெயரை ஒரு அர்ரேயில் போட்டுவிட்டு, ஃபார்மேட் செய்வதையும் எழுதுவதையும் வேறு த்ரெட்டுக்குத் தள்ளிவிடுங்கள். லாகரை அதற்குள் கூப்பிடவே வேண்டாம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் எக்ஸெப்ஷன் எறிந்தால் ஜேவிஎம் அதை நல் திருப்பிய மாதிரியே எடுத்துக்கொண்டு மேலே போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள். உங்களுக்கு எரர் கண்ணில் பட்டது பெரிய விஷயம். பல ஏஜென்ட்களில் சில கிளாஸ்கள் கணக்கிலேயே வராமல் போயிருக்கும், யாருக்கும் தெரியாது.

பெயரும் நேரமும் மட்டும்தான் வேண்டுமென்றால் ஏஜென்ட்டே வேண்டாம். ஜாவா 9 முதல் 'எக்ஸ்லாக்' ஆப்ஷனில் 'கிளாஸ் ப்ளஸ் லோட்' கொடுத்தால் லோடு ஆகிற வரிசையும், எந்த ஜாரிலிருந்து என்பதும் வந்துவிடும். 'கிளாஸ் ப்ளஸ் இனிட்' கொடுத்தால் இனிஷியலைஸ் ஆகும் வரிசை வரும். ஜாவா 8-இல் 'வெர்போஸ் கிளாஸ்'.

ஸ்ப்ரிங் பூட்டை 2.5-இலிருந்து மேலே ஏற்றியதும் அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகவில்லை. சர்குலர் ரெஃபரன்ஸ் என்கிறது. இதுவும் கிளாஸ் லோடிங் பிரச்சினைதானா?
— டீம் லீட், திருச்சி

இல்லை. கிளாஸ்கள் ஒழுங்காக லோடு ஆகிவிட்டன. ஆப்ஜெக்ட்களை ஒன்றோடொன்று கோக்கும்போது ஸ்ப்ரிங் கண்டுபிடித்த சுற்று இது. 2.6 முதல் அதை இயல்பாகவே தடைசெய்துவிட்டார்கள். 'அலவ் சர்குலர் ரெஃபரன்சஸ்' என்ற ப்ராப்பர்டியை ட்ரூ ஆக்கினால் ஃபீல்டு, செட்டர் வழியாகக் கோத்தவை பழையபடி ஓடும். இரண்டு பக்கமும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கேட்டால் பழைய ஸ்ப்ரிங்கிலும் ஓடியிருக்காது. ரிலீஸ் நாளைக்கு என்றால் ப்ராப்பர்டியைப் போடுங்கள். அடுத்த வாரம் என்றால் இரண்டு சர்வீஸும் பங்குபோடுகிற மெத்தடுகளை மூன்றாவது சர்வீஸாகப் பிரியுங்கள். 'லேஸி' போட்டு மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை, சுற்று அங்கேயேதான் இருக்கும்.

"log4j... என்று தொடங்கி ஒரு பக்கம் 'ஸ்டேக் ஓவர்ஃப்ளோ'. லாக் எழுதப் போனாலே விழுகிறது" என்று சுருக்கமாகக் கேட்ட சேலம் வாசகருக்கு: ஜார்களில் 'லாக்ஃபோர்ஜே ஓவர் எஸ்எல்எஃப்ஃபோர்ஜே' ஒன்றும், 'எஸ்எல்எஃப்ஃபோர்ஜே லாக்ஃபோர்ஜே12' ஒன்றும் சேர்ந்து இருக்கிறதா பாருங்கள். ஒன்று லாக் வரிகளை லாக்ஃபோர்ஜேயிலிருந்து எஸ்எல்எஃப்ஃபோர்ஜேக்குத் தள்ளும், மற்றது அங்கிருந்து திரும்ப லாக்ஃபோர்ஜேக்கு (இரண்டும் லாக் எழுத உதவும் லைப்ரரிகள்). இரண்டையும் சேர்த்துக் கண்டால் எஸ்எல்எஃப்ஃபோர்ஜே பொதுவாக முன்னெச்சரிக்கையாகவே ஒரு செய்தி போட்டு நிறுத்தும். ஒன்றை எக்ஸ்க்ளூட் செய்யுங்கள்.

இதையெல்லாம் புரொடக்ஷனுக்குப் போகும் முன்பே பிடிக்க டூல் இருக்கிறதா?
— மூன்று ஊர்களிலிருந்து மூன்று வாசகர்கள்

இருக்கிறது. ஸ்பாட்பக்ஸ் கிளினிட் சுற்றையும், தாய் தன் இனிஷியலைசேஷனில் குழந்தையைப் பயன்படுத்துவதையும் தனித்தனி எச்சரிக்கையாகக் காட்டும். எரர் ப்ரோனிலும் 'கிளாஸ் இனிஷியலைசேஷன் டெட்லாக்' என்று ஒரு சோதனை இருக்கிறது. இன்டெல்லிஜே எழுதும்போதே மஞ்சள் கோடு போடும், நாம்தான் பார்ப்பதில்லை. பேக்கேஜ்களுக்கிடையே சுற்று இருக்கக் கூடாது என்று டெஸ்ட்டாகவே எழுதிவைக்க ஆர்க்யூனிட். ஜேடிகேயோடு வரும் ஜேடெப்ஸ் யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் தரும். டிரைவர்மேனேஜர் மாதிரி மற்றவர் எழுதிய ஜாருக்குள் பாதிச் சுற்று இருந்தால் இவை எல்லாம் கோட்டைவிடும், அதற்கு டம்ப்தான்.

கோவை வாசகரின் நிலையில் இருப்பவர்களுக்கு முதலில் ஸ்பாட்பக்ஸ். செலவில்லை, மேவனில் ஒரு ப்ளகின் சேர்த்தால் போதும். முதல்நாள் நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை வந்தால் மிரளாமல், 'ஐசி' என்று தொடங்குபவற்றை மட்டும் வடிகட்டுங்கள், இனிஷியலைசேஷன் சுற்றுகள் அங்கேதான் இருக்கும்.

அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். த்ரெட் டம்பை ஃபோனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள், டெக்ஸ்ட் ஃபைலாக அனுப்புங்கள். ஜாவா வெர்ஷன் என்ன என்று எழுதுங்கள். கான்ஃபிக் ஃபைலை இணைக்கும் முன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அழித்துவிடுங்கள். இந்த மாதம் அழிக்காமல் அனுப்பியவர்களுக்குத் தனியாக மெயில் போட்டிருக்கிறேன், தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.